நிற்கிற வண்டியில் ஓடுகிற இன்ஜின்

இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நின்றது. பக்கத்தில் நின்ற டிரைவர் தம்பிக்கு ஒரே சந்தோஷம். "ஒரு சொட்டுக் குறையலண்ணே, மேல ஏறித்தான் இருக்கு. இன்ஜின் அம்புட்டு சுத்தம்" என்றார். கம்பியில் ஒட்டியிருந்த ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். வழுவழுப்பே இல்லை, தண்ணியாக வழிந்தது. மோந்து பார்த்தால் டீசல் வாடை.

இன்ஜின் ஆயில் தானாகக் கூடாது. கூடியிருக்கிறது என்றால் வேறு ஏதோ உள்ளே இறங்கியிருக்கிறது. இந்த வண்டியில் இறங்கியிருந்தது டீசல்.

தேனி மாவட்டம் கம்பத்தில் என் பட்டறைக்கு அந்த பிக்கப் வந்தபோது மீட்டரில் 38,000 கிலோமீட்டர்தான் இருந்தது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது மஞ்சள் விளக்கு எரிந்து, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் போகிறது என்று கொண்டுவந்தார்கள். அதே முதலாளியிடம் அதே மாடலில் இன்னொரு வண்டி உண்டு. இரண்டையும் ஒரே மாதத்தில் எடுத்தார், இரண்டும் பிஎஸ்6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தவை. அந்த இன்னொரு வண்டி வாரத்தில் ஆறு நாள் கோட்டயம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பும். இரண்டு வருடத்தில் 1,40,000 கிலோமீட்டர். ஆயில், ஃபில்டர், பிரேக் தவிர அதில் நான் பெரிதாகக் கை வைத்ததில்லை.

தினமும் மலை ஏறி இறங்கும் வண்டி நன்றாக இருக்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம்கூட ஓடாத வண்டி படுத்துவிட்டது. இது எப்படி என்று முதலாளி கேட்டார். "இந்த வண்டியை எதுக்குப்பா விடுறீங்க?" என்று டிரைவரிடம் கேட்டேன். மலை மேல் ஒரு ரோடு காண்ட்ராக்டரிடம் மாத வாடகைக்குப் போகிறதாம். காலையில் ஆள், சாமான் ஏற்றிப் போவது, அங்கேயே நிற்பது, சாயங்காலம் திரும்புவது. நிற்கும்போது? "ஏசி போட்டுப் படுத்திருப்பேண்ணே. வண்டி ஆன்லதான் இருக்கும். ஓடாமத்தான நிக்குது, அதுக்கு என்ன ஆகப்போகுது?"

அந்தக் கேள்விக்கு அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று கேரள எல்லை தாண்டும் பிக்கப் டிரைவர்கள் எத்தனையோ பேர் இதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை உள்ளே இழுத்து அமுக்கும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். ஆக, சூடுதான் அதன் உயிர். வண்டி சுமையோடு மேடு ஏறும்போது டீசல் நிறையப் பாய்கிறது, பிஸ்டன் தலையும், பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் குழியான போரும் நன்றாகக் காய்கின்றன, உள்ளே போன டீசல் கிட்டத்தட்ட முழுசாக எரிந்துவிடுகிறது. ஐட்லில், அதாவது வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடும்போது, நிலைமை தலைகீழ். நிமிடத்துக்கு 750, 800 சுற்று. ஒவ்வொரு முறையும் துளித்துளியாகத்தான் டீசல் விழும். உள்ளே வரும் காற்று மட்டும் ஏராளம். ஒரு பங்கு டீசல் முழுதாக எரிய சுமார் 14.5 பங்கு காற்று போதும். பழைய டீசல் இன்ஜின்களில் ஐட்லில் அது 50 பங்கைத் தாண்டும். அவ்வளவு காற்றைக் காய்ச்ச அந்தத் துளி டீசலால் முடியாது. பெரிய விறகடுப்பில் இரண்டு சுள்ளியை மட்டும் வைத்துப் புகைய விட்டால் என்ன ஆகும்? அடுப்பு காயாது, கரி மட்டும் பிடிக்கும். அதேதான் இங்கேயும்.

இதனால்தான் ஐட்லிங் கெடுதல் என்றவுடன் "இன்ஜின் சூடாகிவிடும்" என்று சொல்கிறவர்களிடம் நான் மறுத்துப் பேசுவேன். ஃபேன், ரேடியேட்டர், கூலன்ட் சரியாக இருக்கும் டீசல் வண்டி நிற்கிற இடத்தில் கொதிப்பது அபூர்வம். கொதித்தால் அது வேறு கோளாறு. ஐட்லில் டீசல் இன்ஜினுக்கு வரும் கேடு சூட்டினால் வருவதில்லை, சூடு போதாமல் வருவது. மார்கழிக் காலையில் வண்டன்மேடு பக்கம் வண்டியை ஐட்லில் விட்டுவிட்டு டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். அரை மணி ஆனாலும் நடுவுக்கு வந்திருக்காது. ஏற்கெனவே காய்ந்திருந்த இன்ஜின்கூட குளிரில் ஐட்லில் நின்றால் முள் மெல்லக் கீழே இறங்குவதைப் பார்க்கலாம்.

சரி, எரியாத டீசல் எங்கே போகிறது? கொஞ்சம் புகையாக சைலன்சர் வழியே வெளியேறும். கொஞ்சம் ஆறிப்போன போர் சுவரில் படிந்து, அங்கே இருக்கிற மெல்லிய ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் வழியாக, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு இறங்கும். ரிங் போரோடு இறுக்கமாக உட்கார, மேலிருந்து, டீசல் எரிந்து வரும் வாயுவின் அழுத்தம் வேண்டும். ஐட்லில் அந்த அழுத்தமும் குறைவு என்பதால் இறங்குவதற்கு வழி இன்னும் சுலபம். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரைப் பார்த்திருப்பீர்கள். பெரிய ஜெனரேட்டரில் நான்கு டியூப் லைட்டை மட்டும் போட்டு மணிக்கணக்காக ஓட்டினால், சைலன்சர் முனையில் கறுப்பாக எண்ணெய் கசிந்து வடியும். அதனால்தான் ஜெனரேட்டர் வேலை தெரிந்தவர்கள் அதன் சக்தியில் 30 சதவீதத்துக்குக் குறைவான லோடில் நீண்ட நேரம் ஓட்டக்கூடாது என்பார்கள். பிக்கப் இன்ஜினுக்கும் ஜெனரேட்டர் இன்ஜினுக்கும் இதில் வித்தியாசமே இல்லை.

டீசல் கலந்த ஆயில் நீர்த்துவிடும். 15டபிள்யூ-40 என்று டப்பாவில் போட்டிருக்கிற ஆயில், சில சதவீதம் டீசல் கலந்தாலே அந்த கனத்தில் இருக்காது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் உலோகம் உரசாமல் காப்பதே அந்தக் கனம்தான். இதில் இன்னொரு சங்கதியும் சேரும். ஐட்லில் ஆயில் பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் ஆயில் அழுத்தம் ஏற்கெனவே குறைவு. நல்ல இன்ஜினுக்கு அந்தக் குறைந்த அழுத்தமே போதும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள், அதில் பயமில்லை. ஆனால் ஆயிலும் நீர்த்து, அழுத்தமும் குறைந்து, அந்த நிலையில் மணிக்கணக்காக நின்றால் அந்தக் கணக்கு இடிக்கத் தொடங்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை எழுத்தில்லாத வெள்ளைத் தாளில் விட்டு, ராத்திரி முழுக்க அசையாத இடத்தில் வையுங்கள். காலையில் நடுவில் கறுப்பு வட்டம், அதாவது கரி, தெரியும். அதைச் சுற்றி ஆயிலின் பழுப்பு வட்டம். அதையும் தாண்டி வெளியே கண்ணாடி மாதிரி நிறமில்லாத வளையம் அகலமாகப் பரவியிருந்தால் டீசல் கலந்திருக்கிறது. இது லேப் பரிசோதனை இல்லை, சதவீதம் சொல்லாது. ஆனாலும் நான் எடுத்த அந்தத் தாளைப் பார்த்ததும் டிரைவர் தம்பி வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

போருக்குள் இன்னொரு வேலையும் நடக்கும். போர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கக்கூடாது. ஆயிலைப் பிடித்து வைக்க அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டிருப்பார்கள். அரைகுறையாக எரிந்த டீசலும் ஆயிலும் சேர்ந்து அந்தக் கோடுகளில் வார்னிஷ் பூசியது போலப் படிந்தால், ரிங் சரியாக அடைக்காது. அப்புறம் ஆயில் மேலே ஏறி எரியும், நீலப் புகை வரும், ஆயில் மூடியைத் திறந்தால் ரிங்கைத் தாண்டி இறங்கிய புகை குபுகுபுவென்று வரும், அதைத்தான் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது என்போம். புது வண்டிக்கு இது இன்னும் மோசம். ரிங்கும் போரும் ஒன்றோடொன்று பழகுகிற முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் வண்டியை ஐட்லிலேயே நிறுத்தி வைத்தால், அவை பழகாமலே போய்விடும். புது வண்டி எடுத்தவர்கள் பூஜை போட்டு, பொத்திப் பொத்தி வீட்டு வாசலில் ஓடவிட்டுப் பார்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். அதற்கு மிதமான லோடு ஏற்றி வீரபாண்டி வரை ஒரு நடை போய் வரலாம்.

இதுவரை சொன்னது எல்லா டீசல் இன்ஜினுக்கும் பொருந்தும். ஆனால் பழைய ஜீப்பும் பழைய பிக்கப்பும் இதையெல்லாம் தாங்கிக்கொண்டன. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் மணிக்கணக்காக உறுமிக்கொண்டு நின்றதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அவற்றில் கரி பிடிக்க சைலன்சரைத் தவிர வேறு இடமில்லை. ஒரு மேடு ஏறினால் கறுப்பாக ஒரு புகை, கரி வெளியே போய்விடும். அந்தப் புகையை ஊர் சுவாசித்தது என்பது வேறு விஷயம், அது நல்லதென்று நான் சொல்ல மாட்டேன். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 வந்தது. டீசலில் இருந்த கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. அதோடு, புகையை வெளியே விடாமல் வண்டிக்குள்ளேயே பிடித்து வைக்கும் ஏற்பாடுகளும் கடுமையாயின. ஐட்லிங்கின் கேடு கண்ணுக்குத் தெரியும்படி ஆனது அதற்குப் பிறகுதான்.

முதலில் ஈஜிஆர். எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திருப்பி இன்ஜினுக்கே அனுப்பும் வால்வு அது. பெரும்பாலும் லேசான லோடில்தான் அதிகம் திறக்கும். ஈரமும் கரியுமான ஐட்லிங் புகை அதன் வழியாகப் போய், இன்ஜினிலிருந்து வரும் ஆயில் ஆவியோடு கலந்து, இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் தார் மாதிரி படியும். அந்த வண்டியில் ஈஜிஆரைக் கழற்றியபோது உள்ளே சுண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் ஈரக் களிமண் போலப் பட்டை பட்டையாக வந்தது. அடுத்த வண்டியில், அதாவது கோட்டயம் போகும் வண்டியில், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அதையும் கழற்றினேன். அங்கே இருந்தது காய்ந்த கரி, துணியால் துடைத்தாலே வந்துவிட்டது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து முதலாளிக்குக் காட்டினேன்.

அடுத்தது டிபிஎஃப். வண்டியின் சைலன்சர் பாதையில் இருக்கும் கரி வடிகட்டி. உள்ளே பீங்கானால் செய்த தேன்கூடு. புகை அதன் சுவர் வழியே ஊடுருவிப் போகும், கரி உள்ளே தங்கிவிடும். தங்கிய கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். சுமையோடு ஓடும்போது சைலன்சர் ஏற்கெனவே நல்ல சூட்டில் இருக்கும், மிச்சத்துக்கு வண்டியின் கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பாய்ச்சி அதை வடிகட்டிக்கு முன்னால் எரியவைக்கும். பத்து, இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். டிரைவருக்கே தெரியாது.

ஐட்லில் நிற்கும் வண்டியின் சைலன்சர் சூடு 100, 150 டிகிரி சுற்றளவுதான். கரி சேரும், எரியாது. நிறைந்ததும் கம்ப்யூட்டர் எரிக்கத் தொடங்கும்போது டிரைவர் சைட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திவிடுவார். வேலை பாதியில் நிற்கும். அடுத்த நாள் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறையும் தாமதமாகப் பாய்ச்சிய டீசலில் ஒரு பங்கு போர் சுவரில் ஒட்டி ஆயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறியிருந்ததன் முக்கியக் காரணம் இதுதான். கடைசியில் வடிகட்டி அடைத்து, இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிட்டது. மலையில் வண்டி ஊர்ந்ததற்கு அர்த்தம் அது.

புகையைச் சுத்தம் செய்ய யூரியா ஊற்றும் வண்டிகளிலும் இதே கதைதான். யூரியா வேலை செய்யும் பகுதிக்கும் ஏறத்தாழ 200 டிகிரி சூடு வேண்டும். ஆறிய சைலன்சரில் அது வெள்ளை உப்பாகப் படியும்.

"டிபிஎஃப்பைக் கழற்றிவிட்டு வெறும் பைப் போட்டுத் தாங்க" என்று கேட்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. சட்டப்படி தப்பு. கம்ப்யூட்டரையும் மாற்றி எழுத வேண்டிவரும். ஐட்லிங்கால் ஆயிலுக்கு வரும் கேடும் அதனால் தீராது.

இனி கிலோமீட்டர் கணக்குக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நம் வண்டிகளுக்கு ஆயில் மாற்றுவது, சர்வீஸ், விலை பேசுவது எல்லாமே கிலோமீட்டரை வைத்துத்தான். ஆனால் நிற்கும் வண்டிக்கு கிலோமீட்டர் ஏறாது, இன்ஜின் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் மணிக்கணக்கில் சர்வீஸ் செய்வது இதனால்தான். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் தன் டீசல் பிக்கப்களுக்கு ஒரு மணி நேர ஐட்லிங்கை 25 மைல், அதாவது சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தக் கணக்கை இந்த வண்டிக்குப் போட்டுப் பார்த்தோம். தினம் நான்கு மணி நேரம், மாதம் 25 நாள், இரண்டு வருடம். 2,400 மணி நேரம். அதை 40 ஆல் பெருக்கினால் 96,000 கிலோமீட்டர். மீட்டரில் இருக்கும் 38,000த்தைச் சேர்த்தால் 1,34,000. கோட்டயம் வண்டியின் 1,40,000க்கு இது எவ்வளவு பக்கம்! இரண்டு இன்ஜினுக்கும் ஒரே வயது. ஒன்றுக்கு ஒழுங்காக ஆயில் மாற்றினோம், இன்னொன்றுக்கு மீட்டரைப் பார்த்து ஏமாந்தோம்.

டீசல் செலவையும் அப்போதே போட்டேன். அந்த அளவு இன்ஜின் ஐட்லில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும், ஏசி ஓடினால் கூடும். 0.7 லிட்டர் என்று வைத்தாலும் 2,400 மணிக்கு 1,680 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் 1,51,200 ரூபாய். முதலாளி அந்தத் துண்டுச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டிரைவர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. எல்லைப் பக்கம் வண்டி ஓட்டுவதே பாதி காத்திருப்பதுதான். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் செக்போஸ்ட்கள் எடுக்கப்படும் வரை வாளையாறிலும் குமுளியிலும் வரிசை எவ்வளவு நீளம் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பத்தடி நகரும் வரிசையில் யார்தான் ஒவ்வொரு தடவையும் செல்ஃப் அடிப்பார்கள்? அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. இப்போது அவ்வளவு நிற்க வேண்டியதில்லை என்றாலும், சபரிமலை சீசனில், கார்த்திகை தொடங்கி தை பிறக்கும் வரை, மலைப்பாதையில் வண்டிகள் மணிக்கணக்காக முடங்குவது நடக்கத்தான் செய்கிறது. அங்கே ஒன்று கவனிக்க வேண்டும். கிளட்சை மிதித்தபடி முதல் கியரில் நிற்காதீர்கள். இன்ஜின் கெடுவதற்கு முன்னால் கிளட்ச் பேரிங் கெட்டுவிடும். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, மேட்டில் கல்லும் போட்டு, காலை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நகராது என்று தெரிந்தால் ஆஃப் செய்யுங்கள்.

"அடிக்கடி ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் மோட்டார், பேட்டரி போய்விடாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சூடான இன்ஜின் சட்டென்று பிடித்துக்கொள்ளும், அதற்கு ஆகும் கரன்ட்டும் டீசலும் சொற்பம். நாளுக்கு ஐந்தாறு தடவை கூடுதலாக ஸ்டார்ட் செய்வதால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்துப் போடுவதும் தேவையில்லை. ஐட்லில் ஏசி, லைட், பாட்டு எல்லாம் ஓடும்போது ஆல்டர்னேட்டர் கொடுப்பது சில நேரம் போதாமல் பேட்டரியே இறங்குவதும் உண்டு. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

காலையில் வண்டியைச் சூடாக்குவது பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பத்து நிமிடம் ஐட்லில் விட்டுவிட்டு டீ குடித்து வருவது வழக்கம். இன்ஜின் காய்வதற்கு அது நல்ல வழியே இல்லை. குளிர்ந்த இன்ஜினில்தான் தேய்மானம் அதிகம், அந்தக் குளிர்ந்த நேரத்தை ஐட்லிங் நீட்டிக்கொண்டே போகிறது. ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடம், ஒரு நிமிடம், ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறட்டும். அப்புறம் மெதுவாக ஓட்டிப் புறப்படுங்கள். முதல் மூன்று நான்கு கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் போனால் ஓடியே சூடாகிவிடும். மலை மேல் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல், வீட்டை விட்டு வந்ததுமே ஏற்றம் தொடங்கும். அவர்கள் இரண்டு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளட்டும், தப்பில்லை.

ஐட்லிங் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் விசிறி. கம்பம் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம், குமுளி கிட்டத்தட்ட 900 மீட்டர். லோயர் கேம்ப்பிலிருந்து முழு லோடோடு ஏறி முடிக்கும்போது டர்போ நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றிக்கொண்டிருக்கும், அதன் ஒரு பக்கம் பழுக்கக் காய்ந்திருக்கும். மேலே ஏறியதும் ஓரங்கட்டிப் பட்டென்று ஆஃப் செய்தால் ஆயில் ஓட்டம் நின்று, பேரிங்கில் இருக்கும் ஆயில் வெந்து கரியாகும். அங்கே ஒன்றிரண்டு நிமிடம் ஐட்லில் விடத்தான் வேண்டும். ஆனால் குமுளி பஜாருக்குள் நெரிசலில் ஊர்ந்து போய் மார்க்கெட்டில் நிறுத்துகிறவருக்கு அந்த ஊர்வதிலேயே டர்போ ஆறிவிட்டிருக்கும். "டர்போ வண்டி, அஞ்சு நிமிஷம் விட்டுத்தான் அணைக்கணும்" என்று எல்லா இடத்திலும் கடிகாரம் பார்ப்பது வீண். மணிக்கணக்கான ஐட்லிங் டர்போவுக்கும் நல்லதல்ல. காற்று அழுத்தம் இல்லாதபோது அதன் சீல் வழியாக ஆயில் கசிந்து இன்டேக் பக்கம் போகும்.

இறங்கும்போது நியூட்ரலில் விடுவதையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் ஐட்லிங்தான். டீசல் மிச்சம் என்று நினைத்து குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜினில் கியரில் வைத்துக் காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றும், கம்ப்யூட்டர் டீசலை முழுசாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் பாய்ச்சியே ஆக வேண்டும். ஆக, மிச்சமே இல்லை. அது மட்டுமா? மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து, லைனிங் காய்ந்து பிரேக் பிடிக்காமல் போகும் அந்த வளைவுகளில். இதை யார் செய்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்பேன், வேண்டாம்.

பெட்ரோல், சிஎன்ஜி மினி லாரிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றில் காற்றும் அளந்தே உள்ளே வருவதால் உள்ளே இவ்வளவு ஆறிப்போகாது. பிளக்கில் கரி பிடிக்கும், எரிபொருள் வீண், மணிக்கணக்கு அங்கேயும் ஏறும். டீசல் அளவுக்குக் கவலை வேண்டாம்.

நின்றபடி இன்ஜின் ஓடியே தீர வேண்டிய வேலைகளும் உண்டு. வண்டியிலிருந்தே ஹைட்ராலிக் இயக்குபவர்கள் என்ன செய்வார்கள்? வசதி இருந்தால் ஐட்லிங் வேகத்தை 1,200 சுற்று அளவுக்கு உயர்த்தி வைத்தால் சூடும் ஆயில் அழுத்தமும் கொஞ்சம் தேறும். வெளிநாட்டு டீசல் பிக்கப்களில் இதற்கென்றே ஒரு வசதி வைக்கிறார்கள். ஆக்சிலரேட்டரில் கல் வைப்பது அதற்கு மாற்றல்ல, கல் நழுவினால் விபத்து. நிற்கும் மணி நேரத்தைக் கணக்கில் எடுத்து ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள். வாரத்துக்கு ஒரு நாளாவது லோடு ஏற்றி ஒரு நல்ல ஏற்றம் ஏறவிடுங்கள். நடுவில் நிறுத்தாமல் அரை மணி நேரம். நம் பக்கம் அதற்கு இடம் தேட வேண்டியதில்லை, மலை பக்கத்திலேயே இருக்கிறது.

ஏசி போட்டுத் தூங்கும் விஷயத்தில் இன்ஜினைவிட மனுசன் பெரிது. மூடிய கொட்டகைக்குள்ளோ, சுவரை ஒட்டியோ வண்டியை ஓடவிட்டு உள்ளே தூங்காதீர்கள். சைலன்சர் பாதையில் ஒரு ஓட்டை இருந்தால் போதும், வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் ஏறிவிடும். தூக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு முட்டுவதே தெரியாது. அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னபோது, மலை மேல் மழை நாளில் கொட்டகைக்குள் நிறுத்தித் தூங்கியிருக்கிறேன் என்றார். எனக்குப் பதறியது.

அந்த வண்டியின் இன்ஜினை இறக்க வேண்டிவரவில்லை. கம்ப்ரஷன் பார்த்தேன், நான்கு சிலிண்டரும் ஒத்து இருந்தன. ஈஜிஆரையும் மேனிஃபோல்டையும் கழுவி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, தேனியில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் இடத்துக்கு அனுப்பி டிபிஎஃப் கரியை எரிக்க வைத்தோம். 1,000 கிலோமீட்டரில் மறுபடி ஆயில் மாற்றினோம், முதல் ஆயிலோடு வராத டீசல் மிச்சமும் போகட்டும் என்று. இப்போது முதலாளி இரண்டு வண்டியையும் வாரத்துக்கு ஒரு முறை மாற்றி விடுகிறார். சைட்டில் நின்ற வண்டி மறுவாரம் கோட்டயம் போகிறது.

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் மீட்டரை மட்டும் நம்பாமல் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல பிஎஸ்6 வண்டிகளின் கம்ப்யூட்டரில் இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் சுற்றியது என்பது பதிவாகியிருக்கும். சிலவற்றில் ஐட்லில் நின்ற மணி தனியாகவே இருக்கும். கிலோமீட்டரை மணியால் வகுத்துப் பாருங்கள். லோடு வண்டிக்கு 30, 35 வந்தால் அது ஓடிய வண்டி. 12, 15 என்று வந்தால் அதன் பொழுது பெரும்பாலும் நின்றே கழிந்திருக்கிறது. அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள், விலையைப் பிறகு பேசலாம்.